படத்தின் ஒரு பகுதியை மட்டும் டிரான்ஸ்பரன்ட் ஆக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர், கடைக்கு லோகோ செய்பவர், யூடியூப் தம்ப்நெய்ல் போடுபவர், கல்லூரி விழாவுக்குப் போஸ்டர் பண்ணும் மாணவர் என எல்லோரும் ஒருநாள் இந்த வேலையில் வந்து நிற்பார்கள். படம் முழுவதையும் மங்கலாக்குவது சுலபம். ஒரு பகுதியை மட்டும், அதுவும் ஓரம் பிசிறில்லாமல் செய்வதில்தான் சந்தேகங்கள் வருகின்றன. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் ஜிம்ப் மென்பொருளை வைத்து எழுதியவை. அது இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். போட்டோஷாப்பில் வழி வேறாக இருக்கும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு பகுதி டிரான்ஸ்பரன்ட் ஆகிறது என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. நான்காவதாக இன்னொரு எண் சேர்ந்தால் அதுதான் ஆல்பா. வழக்கமான 8 பிட் படத்தில் அது 0 முதல் 255 வரை இருக்கும். 255 என்றால் பிக்சல் முழுசாகத் தெரியும், 0 என்றால் அறவே தெரியாது. நடுவில் எந்த எண் இருந்தாலும் மேலே உள்ள நிறமும் கீழே உள்ள நிறமும் அந்த விகிதத்தில் கலக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெள்ளைப் பரப்பின் மேல் 60 சதவீத ஆல்பாவில் ஒரு கருப்புப் பட்டையை வைக்கிறீர்கள். கருப்பின் மதிப்பு 0, அதில் 60 சதவீதம் எடுத்தாலும் 0. வெள்ளையின் மதிப்பு 255, அதில் மீதி 40 சதவீதம் 102. கூட்டினால் 102, அதாவது அடர்ந்த சாம்பல்.

இந்த நான்காவது எண்ணைப் படத்தோடு சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகியோரிடமிருந்து வந்தது. படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் கணக்குகளை 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் முறைப்படுத்தினார்கள். எரேசர், மாஸ்க், ஸ்லைடர், கிரேடியன்ட் என எதை எடுத்தாலும் கடைசியில் நாம் மாற்றுவது இந்த ஒரு எண்ணைத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதி சந்தேகங்கள் தாமாகவே தீர்ந்துவிடும்.

எரேசரால் அழித்தால் கட்டம் கட்டமாக வராமல் வெள்ளையாகிறது. ஏன்?

அந்த லேயரில், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாளில், ஆல்பா சேனல் இல்லை. கேமராவிலிருந்து வரும் ஜேபெக் படங்கள் எதிலும் அது இருக்காது. எண்ணை எழுதி வைக்க இடமே இல்லாததால் மென்பொருள் பின்னணி நிறத்தைப் பூசிவிடுகிறது. லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்ஸி என்ற பிரிவுக்குப் போய் 'ஆட் ஆல்பா சேனல்' கொடுங்கள். அதற்கப்புறம் அழித்தால், அங்கே எதுவும் இல்லை என்று காட்டும் சாம்பல், வெள்ளைக் கட்டம் தெரியும்.

போட்டோஷாப்பில் இதே தொல்லை 'பேக்ரவுண்ட்' என்ற பூட்டிய லேயரால் வருகிறது. லேயர் பேனலில் அதை டபுள் கிளிக் செய்து ஓகே கொடுத்தால் சாதாரண லேயராகிவிடும்.

அந்தச் சாம்பல், வெள்ளைக் கட்டங்கள் பிரிண்டில் வருமா?

வராது. இங்கே எதுவும் இல்லை என்று காட்ட மென்பொருள் திரையில் வரைவது அது. ஆனால் இணையத்தில் தேடி இறக்கும் பல 'டிரான்ஸ்பரன்ட்' படங்களில் கட்டங்களே படமாக வரையப்பட்டிருக்கும். திறந்ததும் கீழே ஒரு சிவப்பு லேயரை வைத்துப் பாருங்கள். சிவப்பு தெரியாவிட்டால் அந்தக் கோப்பு டிரான்ஸ்பரன்ட் இல்லை.

ஒபாசிட்டி ஸ்லைடரைக் குறைத்தால் லேயர் முழுக்க மங்குகிறது. ஒரு பகுதியை மட்டும் குறைக்க என்ன வழி?

செலக்ஷன் போட்டுவிட்டு ஸ்லைடரை நகர்த்தினால் அந்தப் பகுதி மட்டும் மங்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். ஸ்லைடர் செலக்ஷனைப் பார்ப்பதே இல்லை. அது லேயருக்கான எண். பகுதிக்கான எண் வேண்டுமென்றால் லேயர் மாஸ்க் வேண்டும்.

ஜிம்ப்பில் லேயரின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஆட் லேயர் மாஸ்க்' கொடுத்தால் எந்த மாஸ்க் என்று கேட்கும். வெள்ளையைத் தேர்ந்தெடுங்கள். படத்தில் ஒன்றும் மாறாது, லேயர் பேனலில் மட்டும் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி வரும். அதை ஒருமுறை கிளிக் செய்துவிட்டு, பிரஷ்ஷில் கருப்பை எடுத்துப் படத்தின்மேல் பூசுங்கள். பூசிய இடம் மறையும். வெள்ளையைப் பூசினால் திரும்ப வரும். சாம்பல் பூசினால் பாதி தெரியும், எவ்வளவு அடர்ந்த சாம்பலோ அவ்வளவு மறையும்.

ஒரு சன்னல் கண்ணாடியை மட்டும் அரைகுறையாகத் தெரியச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியைச் சுற்றி செலக்ஷன் போடுங்கள், மாஸ்க்கைக் கிளிக் செய்யுங்கள், நடுத்தரச் சாம்பலால் நிரப்புங்கள். கூடுதலாகத் தெரிந்தால் இன்னும் அடர்ந்த சாம்பல், குறைவாகத் தெரிந்தால் வெளிர் சாம்பல். கண்ணால் பார்த்து முடிவு செய்வதே சரியான வழி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சிலர் அந்தப் பகுதியை வெட்டாமல் காப்பி செய்து புது லேயரில் வைத்து ஒபாசிட்டியைக் குறைக்கிறார்கள். ஒன்றும் மாறவில்லை என்று குழம்புகிறார்கள். கீழே பழைய லேயரில் அதே பகுதி முழுசாக இருக்கிறதே, அதுதான் தெரிகிறது.

மாஸ்க் போட்ட பிறகு பூசினால் படத்திலேயே கருப்பு மை ஏறுகிறதே?

மாஸ்க்குக்குப் பதில் படத்தின் சிறுபெட்டி தேர்வாகி இருக்கிறது. எது தேர்வில் இருக்கிறதோ அதைச் சுற்றி ஓரக்கோடு தெரியும். பூசத் தொடங்கும் முன் அதைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் போதும்.

மாஸ்க்கில் எங்கெங்கே பூசியிருக்கிறோம் என்று பார்க்க ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு மாஸ்க் பெட்டியைக் கிளிக் செய்யலாம். கருப்பு வெள்ளையாக மாஸ்க் மட்டும் திரையில் வரும். விட்டுப்போன புள்ளிகளைப் பிடிக்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது. மாஸ்க்கைத் தற்காலிகமாக நிறுத்த ஜிம்ப்பில் கண்ட்ரோல் கிளிக், போட்டோஷாப்பில் ஷிஃப்ட் கிளிக்.

எரேசரில் அழித்தாலும் அதே முடிவுதானே? மாஸ்க் எதற்கு?

திரையில் முடிவு ஒன்றுதான், வேலையில் இல்லை. எரேசர் அந்த ஆல்பா எண்ணைப் படத்திலேயே திருத்துகிறது. மாஸ்க் அதைத் தனித்தாளில் எழுதி வைக்கிறது, படம் தொடப்படாமல் இருக்கிறது. ஆல்பம் முடித்துக் கொடுத்த பிறகு, 'மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற சித்தப்பாவையும் சேர்த்துவிடுங்கள்' என்று போன் வரும். மாஸ்க் போட்டிருந்தால் வெள்ளை பிரஷ் எடுத்து நாலு இழுப்பு. எரேசரில் அழித்துச் சேமித்து மூடியிருந்தால் மூலப் படத்தைத் தேடி வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

புதிதாகக் கற்றுக்கொள்பவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: எரேசரைக் கையில் எடுக்காதீர்கள், முதல் நாளிலிருந்தே மாஸ்க்கில் பழகுங்கள். முதல் ஒரு வாரம் மெதுவாக இருக்கும். அப்புறம் எரேசர் பக்கம் போகவே தோன்றாது.

படம் ஒரு பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல மறைய வேண்டும். எப்படி?

மாஸ்க்கில் கிரேடியன்ட், அதாவது ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் பூச்சு, போட வேண்டும். முன்னணி நிறம் கருப்பு, பின்னணி நிறம் வெள்ளை என்று வைத்துக்கொண்டு, மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மறைய வேண்டிய பக்கத்திலிருந்து தெரிய வேண்டிய பக்கம் நோக்கி ஒரே கோடாக இழுங்கள். கோடு நீளமாக இருந்தால் மறைவு மென்மையாக இருக்கும், குட்டையாக இருந்தால் சட்டென்று வெட்டியது போல இருக்கும். நேர்க்கோட்டில் இழுக்க போட்டோஷாப்பில் ஷிஃப்ட், ஜிம்ப்பில் கண்ட்ரோல் உதவும்.

ஆல்பத்தில் இரண்டு படங்களை இணைக்கும்போது மறைவுக் கோடு யாருடைய முகத்தின் மேலும் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி மறைந்த முகம் நல்ல படத்தையும் கெடுத்துவிடும்.

50 சதவீத லேயர் இரண்டை அடுக்கினால் 100 சதவீதம் ஆகிவிடுமா?

ஆகாது, 75தான். முதல் லேயர் பாதியை மறைக்கிறது. இரண்டாவது, மீதியிருக்கும் பாதியில் பாதியை மறைக்கிறது. மூன்றாவது போட்டால் 87.5. எத்தனை அடுக்கினாலும் கணக்குப்படி 100-ஐத் தொடாது.

வெட்டி எடுத்த உருவத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது. எப்படிப் போக்குவது?

ஓரத்தில் உள்ள பிக்சல்கள் ஏற்கெனவே பழைய பின்னணியோடு கலந்தவை. வெள்ளைச் சுவரின் முன் எடுத்த படத்தில் தோளின் கடைசி ஒன்றிரண்டு பிக்சல்கள் பாதிச் சட்டை, பாதிச் சுவர். அதை அப்படியே எடுத்துக் கருநீலப் பின்னணியில் வைத்தால் சுவரும் கூடவே வந்து நிற்கும்.

முதல் வைத்தியம், செலக்ஷனை உள்ளே சுருக்குவது. செலக்ட் மெனுவில் 'ஷ்ரிங்க்' கொடுத்து 1 பிக்சல், படம் பெரிதென்றால் 2. பிறகு 'ஃபெதர்' கொடுத்து ஓரத்தைச் சற்று மென்மையாக்குங்கள். அதன்பின் அந்தச் செலக்ஷனிலிருந்து மாஸ்க் உருவாக்குங்கள். போட்டோஷாப்பில் லேயர் மெனுவில் மேட்டிங் பிரிவில் 'டிஃப்ரிஞ்ச்' இருக்கிறது, ஓரத்து நிறத்தை உள்ளே இருக்கும் நிறத்தால் மாற்றிவிடும். ஃபெதரை அதிகம் வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கோடு போகாது, அகலமான மங்கல் வளையமாக மாறும்.

தலைமுடி, மல்லிகைச் சரம், ஆர்கன்சா துப்பட்டா இவற்றையெல்லாம் எப்படி வெட்டுவது?

இந்த வேலையிலேயே கடினமான, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மூன்றும் மூன்று வகைச் சிக்கல், ஒரே வழி எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

முடியை பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக வரைய முடியாது. வெளிர் நிறச் சுவரின் முன் கருமுடி என்றால் படத்திடமே மாஸ்க்கைக் கேட்டு வாங்கலாம். ஜிம்ப்பில் மாஸ்க் சேர்க்கும்போது 'கிரேஸ்கேல் காப்பி ஆஃப் லேயர்' என்று ஒரு தேர்வு உண்டு. அதைக் கொடுத்து, தலைகீழாக்கும் 'இன்வெர்ட்' குறியையும் டிக் செய்யுங்கள். கருமுடி வெள்ளையாகவும் சுவர் கருப்பாகவும் மாறிய மாஸ்க் வரும். முடி தெரியும், சுவர் மறையும். அடுத்து மாஸ்க்கில் வெளிச்ச அளவை மாற்றும் லெவல்ஸ் கருவியை எடுத்து, சுவர் முழுக் கருப்பாகும் வரை, முடி முழு வெள்ளையாகும் வரை இரு முனைகளையும் உள்ளே தள்ளுங்கள். மிக அதிகம் தள்ளினால் நுனி முடிகள் ரம்பம் போலாகிவிடும், சற்று முன்பே நிறுத்துங்கள். முகமும் உடையும் மாஸ்க்கில் சாம்பலாகி அரைகுறையாக இருக்கும். அவற்றின் மேல் வெள்ளை பிரஷ் பூசிவிட்டால் வேலை முடிந்தது. போட்டோஷாப்பில் 'செலக்ட் அண்ட் மாஸ்க்' பகுதியில் உள்ள ரிஃபைன் எட்ஜ் பிரஷ் இதில் பெரும்பங்கைத் தானே செய்துவிடும்.

மல்லிகைச் சரம் வெள்ளைச் சுவரின் முன் இருந்தால் மேலே சொன்ன வழி கைகொடுக்காது. பூவுக்கும் சுவருக்கும் வெளிச்ச வித்தியாசமே இல்லை. பெரிதாக்கிப் பார்த்து, இதழ்களின் ஓரத்தை, புள்ளிகளை இணைத்துக் கோடு வரையும் பாத் கருவியால் கையாலேயே வரைவதுதான் வழி. எந்த ஆட்டோமேட்டிக் கருவியும் இங்கே பூவைக் கடித்துவிடும். படம் எடுப்பவரும் நீங்களே என்றால், பூ வைத்த தலையைப் பச்சை இலை, மரக்கதவு மாதிரி அடர்ந்த பின்னணியில் எடுத்துவிடுங்கள், இரண்டு மணி நேரம் மிச்சம்.

ஆர்கன்சா அப்படியல்ல. துணியே பாதி ஊடுருவக்கூடியது, அதன் வழியே பழைய சுவரின் நிறம் தெரிகிறது. மாஸ்க்கில் சாம்பல் பூசினால் புதுப் பின்னணி கொஞ்சம் தெரியும், பழைய சுவரின் சாயமும் ஒட்டிக்கொண்டே இருக்கும். பழைய சுவர் வெள்ளை என்றால் துப்பட்டாவைத் தனி லேயராக எடுத்து, கலப்பு முறையை 'மல்டிப்ளை' என்று மாற்றுங்கள். வெள்ளை தானாக மறைந்து துணியின் மடிப்பும் ஜரிகை நிழலும் மட்டும் புதுப் பின்னணியில் விழும். பழைய பின்னணி கருப்பு என்றால் அதே வேலையை 'ஸ்கிரீன்' செய்யும்.

தாளில் போட்ட கையெழுத்திலிருந்து வெள்ளையை மட்டும் நீக்க முடியுமா?

முடியும், ஜிம்ப்பில் அதற்கென்றே 'கலர் டு ஆல்பா' இருக்கிறது. முதலில் லெவல்ஸில் வெள்ளைப் புள்ளி எடுக்கும் கருவியால் தாளைத் தொட்டு அதை முழு வெள்ளையாக்குங்கள். போனில் எடுத்த படமென்றால் கையின் நிழல் விழுந்திருக்கும், இந்தப் படியைத் தாண்டினால் நிழல் அழுக்காக நின்றுவிடும். அப்புறம் கலர் டு ஆல்பாவில் வெள்ளையைக் கொடுங்கள்.

ஒரே நிறப் பகுதியைத் தேர்வு செய்யும் மேஜிக் வாண்ட் போல வெட்டாமல், ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு வெள்ளை கலந்திருக்கிறதோ அவ்வளவையும் ஆல்பாவாக மாற்றுவது இதன் சிறப்பு. அதனால் மையின் மெல்லிய இழுப்புகளும் கெடாமல் வரும். ஒரு விளைவும் உண்டு. 60, 80, 160 என்ற நீல மைப் பிக்சலை எடுத்துக்கொண்டால், அது சுமார் 76 சதவீத ஆல்பா கொண்ட அடர்நீலமாக மாறுகிறது. வெள்ளைத் தாளில் வைத்தால் பழையபடியே இருக்கும். மஞ்சள் சான்றிதழில் வைத்தால் மஞ்சள் லேசாக உள்ளே தெரியும். அது பிடிக்காவிட்டால் 'ஒபாசிட்டி திரெஷோல்ட்' என்ற ஸ்லைடரைக் குறைத்தால் மை முழுசாக அடையும்.

உங்கள் கையெழுத்தை இப்படித் தயார் செய்த கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். எந்தப் பத்திரத்திலும் ஒட்டக்கூடிய வடிவில் இருக்கும் கையெழுத்து அது.

ஆதார் எண்ணை எரேசரால் அழித்துவிட்டு அனுப்பினேன். பாதுகாப்புதானே?

இல்லை. தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். ஆல்பா சேனல் உள்ள லேயரில் எரேசர் ஆல்பாவை 0 ஆக்குகிறது, அவ்வளவுதான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அதே பிக்சலில் அப்படியே கிடக்கலாம். ஜிம்ப்பில் எரேசர் கருவியில் 'ஆன்டி எரேஸ்' என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டு அழித்த இடத்தில் தேய்த்துப் பாருங்கள், எண்கள் திரும்ப வரும். பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்யும்போது டிரான்ஸ்பரன்ட் பிக்சல்களின் நிற மதிப்புகளையும் சேமிக்கவா என்று ஒரு தேர்வு இருக்கும். அது டிக்காகி இருந்தால் கோப்பைப் பெறுபவரும் இதையே செய்யலாம்.

மாஸ்க் போட்ட கோப்பை எக்ஸ்சிஎஃப் (ஜிம்ப்பின் சொந்த வடிவம்), பிஎஸ்டி (போட்டோஷாப்பின் சொந்த வடிவம்) ஆகியவற்றில் அனுப்பினால் கேட்கவே வேண்டாம், மூலப் படம் முழுசாக உள்ளே இருக்கிறது. போனில் மார்க்கரால் கருப்பு அடிப்பதும் இதே அபாயம்தான். பல மார்க்கர்களின் மை முழு ஒபாசிட்டியில் இருப்பதில்லை. பார்க்கக் கருப்பாக இருந்தாலும் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் எண்கள் தெரிந்துவிடும். பிளர் செய்வதையும் எண்களுக்கு நம்பாதீர்கள், பத்தே இலக்கங்களில் எது என்று ஊகிப்பது சாத்தியம்.

சரியான வழி எளிது. செலக்ஷன் போட்டு முழுக் கருப்பால் நிரப்புங்கள், எல்லா லேயர்களையும் ஒன்றாக்க இமேஜ் மெனுவில் 'ஃபிளாட்டன் இமேஜ்' கொடுங்கள், ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மறைக்க வேண்டியதை டிரான்ஸ்பரன்ட் ஆக்காதீர்கள், மேலெழுதுங்கள்.

போட்டோஷாப்பில் ஒபாசிட்டி, ஃபில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஒபாசிட்டி லேயரையும் அதற்குக் கொடுத்த நிழல், ஓரக்கோடு போன்ற எஃபெக்ட்களையும் சேர்த்தே மங்கலாக்கும். ஃபில் படத்தை மட்டும் மங்கலாக்கி எஃபெக்ட்களை விட்டுவிடும். எழுத்தின் உட்பகுதி காலியாக, ஓரக்கோடு மட்டும் தெரிய வேண்டுமானால் ஃபில்லை 0 ஆக்குங்கள்.

போட்டோ மேல் எழுத்து வைக்கும்போது பின்னால் போடும் பட்டை எத்தனை சதவீதம் இருக்கலாம்?

வெள்ளை எழுத்து, கருப்புப் பட்டை என்றால் 50 முதல் 65க்குள் பெரும்பாலும் சரியாக வரும். 30 சதவீதம் திரையில் அழகாகத் தெரியும், வெயிலில் தொங்கும் ஃபிளெக்ஸில் படிக்க முடியாது. இணையதளங்களுக்கான அணுகல் விதிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாட்டைக் கேட்கின்றன. பட்டைக்குக் கீழே படத்தின் மிக வெளிச்சமான இடம் எதுவோ, அங்கே எழுத்து படிக்கிறதா என்று பாருங்கள். வயதானவர் ஒருவரிடம் போனில் காட்டிக் கேட்டால் இன்னும் நல்லது.

சேமித்த பிறகு டிரான்ஸ்பரன்ட் பகுதி வெள்ளையாகவோ கருப்பாகவோ மாறிவிடுகிறது. எந்த வடிவில் சேமிப்பது?

ஜேபெக்கில் ஆல்பாவுக்கு இடமே கிடையாது. ஜிஃபில் உண்டு, ஆனால் தெரியும் அல்லது தெரியாது என்ற இரண்டே நிலை, அதனால்தான் அதன் ஓரங்கள் படிக்கட்டு போலத் தெரிகின்றன. படிப்படியான டிரான்ஸ்பரன்ஸிக்கு பிஎன்ஜியே நம்பகமானது. 1996 முதல் இருப்பதால் எல்லா இடத்திலும் திறக்கும். இணையதளத்துக்கு என்றால் வெப்பி (WebP) வடிவம் அதே வேலையை இன்னும் சிறிய கோப்பில் செய்யும். நீங்கள் மறுபடி திருத்தப்போகும் மூலக் கோப்பை எப்போதும் எக்ஸ்சிஎஃப் வடிவில் தனியாக வைத்திருங்கள், பிஎன்ஜியில் லேயரும் மாஸ்க்கும் இருக்காது.

பிஎன்ஜியாகச் சேமித்தும் வாட்ஸ்அப்பில் போனால் பின்னணி வந்துவிடுகிறது என்றால், போட்டோவாக அனுப்பியிருப்பீர்கள். அப்படி அனுப்பினால் அது ஜேபெக்காக மாற்றப்படும். 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள், கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

அச்சகத்துக்கு எப்படிக் கொடுப்பது?

முதலில் அவர்களிடம் என்ன வடிவம் வேண்டுமென்று கேளுங்கள். அச்சுக்கான பிடிஎஃப் தரங்களில் ஒன்றான பிடிஎஃப் எக்ஸ் 4 ஏற்பார்கள் என்றால் டிரான்ஸ்பரன்ஸியோடு கொடுக்கலாம். பிடிஎஃப் எக்ஸ் 1ஏ கேட்டால் அந்தத் தரம் டிரான்ஸ்பரன்ஸியை அனுமதிப்பதில்லை, கொடுக்கும் முன் ஃபிளாட்டன் செய்துவிட வேண்டும். ஃபிளெக்ஸ் கடைகளுக்கு ஃபிளாட்டன் செய்த டிஃப் அல்லது உயர்தர ஜேபெக் போதும். ஃபிளாட்டன் செய்ததும் 100 சதவீத அளவில் ஓரங்களை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கட்டங்களின் மேல் தெரியாத வெள்ளைக் கோடு உண்மையான பின்னணியின் மேல் வந்ததும் பளிச்சென்று தெரியும்.